மடையும் நாரையும்

இராமநாதபுரம் சீமையில் ஒரு கண்மாயின் பெருமையைச் சொல்ல ஏக்கர் கணக்கு தேவைப்பட்டதில்லை. இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். கரை நெடுக நாற்பத்தெட்டு மடைகள். ஒரு கோடியில் கிளம்பிய நாரை ஒரே மூச்சில் மறுகோடியைத் தொட முடியாது என்பது ஊரார் கணக்கு. நீரின் அகலத்தை அளக்க நாரையைக் கோலாக எடுத்த மக்களுக்கு, நாரை வராத கண்மாய் நினைப்பில்கூட இருந்திருக்காது. இன்று அந்தக் கண்மாய் ஒரு மாவட்டத்தில் இருக்கிறது, பட்டாசுக்குப் பேர்போன சிவகாசியும் கரிசல் நடுவே இருக்கும் மல்லாங்கிணறும் வேறொரு மாவட்டத்தில் இருக்கின்றன, தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மூன்றாவதில் இருக்கிறது. 1985-இல் பிரிக்கப்படும்வரை இவை எல்லாமே ஒரே இராமநாதபுரம் மாவட்டம்தான். மழையும் வறட்சியும் மாறிமாறி அடித்த அந்தப் பழைய மாவட்டத்தில் வலசைப் பறவைகள் எப்படித் தாக்குப்பிடித்தன, இப்போது ஏன் தடுமாறுகின்றன என்பதற்கு விடை அந்தச் சொலவடைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு பருவத்தின் வானிலை பறவையை எவ்வளவு வதைக்கும் என்பதை மழைமானியின் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. பெய்த மழையை ஊர் எப்படி வாங்கி, எவ்வளவு காலம் வைத்திருந்தது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இந்தப் பக்கத்து வலசைப் பறவையின் வரலாறு பாதிக்கு மேல் கண்மாயின் வரலாறு.

மல்லாங்கிணறு என்ற பெயரே கிணற்றில் முடிகிறது. விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவிலுள்ள இந்தப் பேரூரைச் சுற்றி வற்றாத ஆறு கிடையாது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணை மதுரைப் பக்கத்து வயல்களைத்தான் நனைத்தது. இந்தக் கரிசல் வானம் பார்த்த பூமியாகவே நின்றது. ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து கொட்டும். அதுவும் நிதானமாகப் பெய்யாமல் சில நாள் அடைமழையாக அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். கரிசல் மண்ணின் குணமும் இதற்கு ஒத்தாசை செய்யாது. காய்ந்தால் கால் புதையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் உப்பி இறுகி, அடுத்துப் பெய்யும் மழையை உள்ளே விடாமல் ஓடவிடும். ஆகவே வறட்சியும் வெள்ளமும் இந்த நிலத்துக்கு விதிவிலக்காக வந்தவை அல்ல. இங்கே சராசரி என்று சொல்லப்படுவதே அந்த இரண்டையும் கூட்டி வகுத்துக் கிடைத்த எண்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கி, தாது வருஷப் பஞ்சம் என்று பேர் வாங்கிய பெரும்பஞ்சம் அந்த இயல்பின் கொடிய முகம். இப்படிப்பட்ட வானத்தின்கீழ் வாழ வேண்டியிருந்ததால்தான் மேட்டுக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாயை நிரப்பும் சங்கிலி அமைப்பை முன்னோர் கட்டினார்கள். சில நாள் மழையைப் பல மாத நீராக நீட்டித்துத் தரும் கருவி அது. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஏரிகளும் குளங்களும் இருப்பது இந்த ஒரு தேவையின் விளைவு.

உழவனுக்காகக் கட்டிய அந்தக் கருவி பறவைக்கும் பயன்பட்டது தற்செயல் என்று தோன்றலாம். அதன் வடிவத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. கரையோரம் ஆழம், உள்வாய்ப் பக்கம் போகப்போக முழங்கால் நீர், அப்புறம் கணுக்கால் நீர், கடைசியில் சேறு என்று ஒரே சரிவில் எல்லா ஆழமும் ஒரு கண்மாயில் இருக்கும். நீர் வற்ற வற்ற அந்தச் சேற்று விளிம்பு நாளும் உள்நோக்கி நகரும். ஒவ்வொரு நாளும் புதிய சேறு, புதிய புழு, சிக்கிக்கொண்ட புதிய மீன்குஞ்சு. கூழைக்கடாவுக்கு ஆழம் வேண்டும்; மஞ்சள் மூக்கு நாரைக்கும் கரண்டிவாயனுக்கும் கால் நனையும் நீர் போதும்; உள்ளானுக்கு ஈரச் சேறு இருந்தால் போதும். ஆறும் ஏரியும் இயற்கையாக அமைந்த நாடுகளில் பறவை பல இடங்களுக்கு அலைந்து தேடுவதை இங்கே ஒரே கண்மாய் சில மாதங்களுக்குள் வரிசையாகப் பரிமாறிவிடுகிறது. வறண்ட தென்கோடிக்கு இத்தனை நீர்ப்பறவைகள் வருவதற்கு இந்தச் சரிவு ஒரு முக்கியக் காரணம்.

வருகிறவை எவை என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். சரணாலயங்களில் கூடு கட்டும் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் பற்றி எழுதும்போதெல்லாம் அவை சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருவதாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது தவறு. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன் எல்லாம் இந்தியாவுக்குள்ளேயே மழையைத் தேடி இடம் மாறுகிறவை. எங்கே நீர் நிற்கிறதோ அங்கே கூடு கட்டும். நிற்காத ஆண்டில் கட்டாது. உண்மையாகவே வடக்கிலிருந்து வருகிறவை வேறு. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் உள்ளான் வகைகளும் அப்படி வருகின்றன. இமயத்தின் மேலாக 7,000 மீட்டர் உயரம்வரை பறக்கும் வரித்தலை வாத்தும் வருகிறது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டி விடப்பட்ட வரித்தலை வாத்துகளைத் தென்னிந்தியாவில் கண்டிருக்கிறார்கள். மூன்றாவது கூட்டத்துக்குக் கண்மாய் தேவையில்லை, கரிசல்காடு போதும். நடு ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, சோளமும் கம்பும் விளையும் காடுகளுக்கு மேகம்போல வந்து இறங்கும் சோளக்குருவிகளும், தரிசு நிலத்தில் தாழப் பறந்து வெட்டுக்கிளி பிடிக்கும் பூனைப்பருந்துகளும் அதில் அடங்கும். வலசை இந்த மண்ணுக்குப் புதிய செய்தியன்று. மதுரையில் வாடைக்காற்றில் நடுங்கிக் கிடந்த சத்திமுத்தப் புலவர், செங்கால் நாரை தென்திசைக் குமரியிலிருந்து வடதிசைக்குத் திரும்பும் என்று அறிந்துதான் அதனிடம் தூது சொன்னார். குளிரையும் பறவையின் வழியையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு அந்த அறிவு பழகியிருந்தது.

இனி காலக்கணக்கு. மஞ்சள் மூக்கு நாரை அடைகாக்க ஒரு மாதம் ஆகும்; குஞ்சு பறக்கப் பழக அதன்மேல் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். கூழைக்கடாவுக்கு எல்லாம் சேர்த்து நான்கு மாதம் வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகி, கூடு கட்டி முடித்த பறவைக்கு மாசி, பங்குனிவரை மரத்தடியில் நீர் நின்றாக வேண்டும். அந்த நீர் இருவகையில் உதவுகிறது. குஞ்சுக்கு மீன் தருவது ஒன்று. நாயும் நரியும் மரத்தை நெருங்க விடாமல் அகழியாக இருப்பது மற்றொன்று. நீர் முன்னதாக வற்றினால் தாய்ப்பறவை பாதி வளர்ந்த குஞ்சுகளையும் விட்டுவிட்டுப் போய்விடும். இந்த நான்கு மாதத்தைப் பழைய கண்மாய் நிர்வாகம் தன் தேவைக்காகவே காப்பாற்றியது. மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்ப்பாய்ச்சியின் பொறுப்பு. முறை வைத்துத்தான் நீர் பாயும். கோடைக்கு ஆடு மாடு குடிக்கக் கொஞ்சம் நீரை அடியில் விட்டுவைப்பார்கள். வற்றிய பிறகு கரம்பை மண்ணை வண்டி வண்டியாக வெட்டிக் காட்டுக்கு அடிப்பார்கள். வரத்துக்கால் தூர்வாருவதும் கரை கட்டுவதும் குடிமராமத்து. பயிருக்கென்று செய்த இத்தனையும் பறவைக்குக் கூட்டின் அடியில் நீரையும் உள்வாயில் சரிவையும் காத்துக் கொடுத்தது.

பறவைக்கென்றே மக்கள் செய்ததும் உண்டு. செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலில், தங்கள் ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரர்கள் சுடுவதைப் பொறுக்காமல் ஊரார் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊராரின் அனுபவம்; அன்பும் ஆதாயமும் அங்கே பிரிக்க முடியாதபடி சேர்ந்திருந்தன. திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரத்திலும் நாரை கூடு கட்டும். ஊரார் அதை ஊருக்கு வந்த அதிர்ஷ்டமாக எடுத்துக்கொள்வார்கள். இத்தகைய வழக்கங்களில் நெஞ்சைத் தொடுவது திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியின் வழக்கம். அங்குள்ள கண்மாய்களில் பறவைகள் கூடு கட்டுவதால் பல பத்தாண்டுகளாக ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977-இல் அரசு அந்தக் கண்மாய்களைச் சரணாலயமாக அறிவித்தது. வனத்துறை தீபாவளிதோறும் அந்த ஊராருக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது.

அந்த மௌனத்தின் விலை பட்டாசு மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குத்தான் சரியாகப் புரியும். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதே சிவகாசிக்கு வாழ்வு தந்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீக்குச்சியும் பிறகு பட்டாசும் வெயிலில் காய இந்த வறட்சி ஏற்றதாக இருந்தது. பயிரைக் கைவிட்ட வானம் தொழிலுக்குக் கைகொடுத்தது. அந்தத் தொழிலின் உச்ச நாளான தீபாவளி ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் இறங்குகிறது. மழையை நம்பிய பறவை கூட்டில் உட்காருவதும் அப்போதுதான். வெடிச்சத்தத்தில் அடைகாக்கும் பறவை எழுந்து பறந்தால் முட்டை குளிரும், காகம் கொத்தும். ஆகவே கொள்ளுக்குடிப்பட்டியார் விட்டுக்கொடுப்பது ஆண்டில் ஓரிரு நாளின் மகிழ்ச்சி, ஆனால் பறவைக்கு அது ஓராண்டின் வம்சம். பட்டாசுத் தொழிலாளியின் பிழைப்பை இதனோடு மோதவிட வேண்டியதில்லை. கூடு இருக்கும் கண்மாய்க்கரையில் மட்டும் வெடிக்காமல் இருந்தால் எந்தத் தொழிலும் நொடித்துப்போகாது. இந்த வழக்கம் வேறொன்றையும் உணர்த்துகிறது. மழை வருவதும் வராததும் மனிதன் கையில் இல்லை. வந்த நீரில் பறவை இருந்து குஞ்சு பொரிப்பது மனிதன் கையில் இருக்கிறது. அந்த எல்லையை அந்த ஊர் சரியாகக் கண்டுகொண்டது.

கண்மாய் குலைந்த கதை நீளமானது, ஆனால் அதன் போக்கு எளியது. 1858-ஆம் ஆண்டுச் சட்டம் குடிமராமத்தைக் கட்டாயக் கடமையாக்கப் பார்த்தது. வரியும் அதிகாரமும் கைமாறியபின், ஊர் தானாகச் செய்துவந்த வேலையைச் சட்டத்தின் கம்பு கொண்டு நடத்த முடியவில்லை. 1883-இல் கண்மாய்ச் சீரமைப்புத் திட்டம் ஒன்று வந்தது. அளவெடுப்பு நடந்தது, மராமத்து மெல்லத்தான் நடந்தது. நாடு விடுதலை அடைந்தபின் மின்மோட்டார் வந்து, கிணறு வைத்திருந்தவருக்குக் கண்மாய் பொருட்டாக இல்லாமல் போனது. வரத்துக்கால் வீட்டுமனையானது, உள்வாய் பட்டா நிலமானது, கரம்பை அடிக்க வண்டி மாடு இல்லை. 1950-களின் இறுதியில் விறகுக்காகப் பரப்பிய சீமைக் கருவேலம் கண்மாய்க்குள் புகுந்து நிரந்தரக் குடியானது. 1981-இல் ஸ்வீடன் உதவியோடு தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் உள்வாய்களில் நாட்டுக் கருவேலத்தை நட்டது. இதில் ஒரு நன்மையும் விளைந்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் காஞ்சிரங்குளம், சித்திரங்குடிக் கண்மாய்களில் நாரையும் கொக்கும் கூடு வைப்பது இந்தக் கருவேல மரங்களில்தான். 1989-இல் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்ட அவை இரண்டும் இப்போது ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள். காரியாபட்டி, திருச்சுழி வழியே ஓடும் குண்டாறு அந்த முதுகுளத்தூர்ப் பக்கம்தான் இறங்குகிறது. மேட்டில் கண்மாய்ச் சங்கிலி அறுந்தால் பள்ளத்தில் பறவையின் பங்கும் குறையும் என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டாம்.

குலைந்த கண்மாயின்மேல் கடும் வானிலை விழும்போது என்ன ஆகிறது என்பதைக் கடந்த சில ஆண்டுகள் காட்டிவிட்டன. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் சராசரியைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2023 டிசம்பர் 17, 18-இல் இதற்கு நேர்மாறாகத் தென்மாவட்டங்களில் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளங்கள் கரை உடைந்தன. ஒன்று பஞ்சம், மற்றொன்று பிரளயம்; ஆனால் பறவையின் பக்கம் நின்று பார்த்தால் முடிவு ஒன்றுதான். மண்மேடிட்ட கண்மாய் கொள்ளளவில் பாதியை இழந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெருமழையில் அது இரண்டு நாளில் நிறைந்து கலுங்கு வழியே மிச்சத்தையெல்லாம் கடலுக்கு அனுப்பிவிடும். பலவீனமான கரையாக இருந்தால் உடைத்துக்கொண்டு முழுவதையும் அனுப்பிவிடும். கார்த்திகையில் கடல்போல் கிடந்த கண்மாய் தையில் வெடித்துக் கிடக்கும். நான்கு மாதம் நிற்க வேண்டிய நீர் இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டால், அந்த ஆண்டு மழை அதிகம் என்று மழைமானி சொன்னாலும் கூட்டுக்கு அது வறட்சி ஆண்டுதான். வானிலை கடுமையாகும்போது மழையில்லாத நாள்கள் நீளும், மழைநாள்கள் சுருங்கிக் கனக்கும். இரண்டையும் சமன்செய்யும் வேலை கண்மாயுடையது. அந்த வேலையாள் நோயில் கிடக்கும் வேளை பார்த்து வேலை இரட்டிப்பாகிவிட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய வறட்சியும் பழைய புயலும் வேறு, இப்போது வருபவை வேறு. கடல் சூடேறி எழும்பும் புயலுக்குமுன் கண்மாய் எம்மாத்திரம் என்று கேட்கலாம். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது கோடியக்கரைக் காட்டில் மரங்கள் சாய்ந்தன, மான்களும் பறவைகளும் மடிந்தன. அந்தக் காற்றை எந்த மடையும் தடுத்திருக்க முடியாது. இதை மறைக்க வேண்டியதில்லை. கண்மாய் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்வது பொய்யாகிவிடும். ஆனால் கோடியக்கரையின் கதையிலேயே மறுபாதியும் இருக்கிறது. சாலிம் அலி தொடங்கிவைத்த வழியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகள் அங்கே பறவைகளுக்கு வளையமிட்டு எண்ணிவந்தார்கள். 1980-களில் லட்சக்கணக்கில் வந்த சிறு உள்ளான்கள் குறைந்தது ஒரு புயலின் வேலை அல்ல. சதுப்புக்குள் வரும் நன்னீர் குறைந்து, உப்பளங்கள் பெருகி, உவர்ப்பு ஏறி, சேற்றுப் புழுவும் இறாலும் குறைந்தது நிதானமாக நடந்த சேதம். புயல் ஒரு பருவத்தைக் கெடுக்கும். நிலம் வளமாக இருந்தால் சில ஆண்டுகளில் பறவை மீண்டுவிடும். நிலம் முன்பே நைந்திருந்தால் அதே புயல் கடைசி அடியாகிவிடும். வானிலை கடுமையாவது உண்மை என்றால், நிலத்தைச் சீராக வைத்திருக்க வேண்டிய அவசரம் அதனால் கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை.

இரண்டாவது மறுப்பு பறவையின் சிறகைக் காட்டிச் சொல்லப்படுவது. நீரில்லாவிட்டால் வேறிடம் பறந்துபோகும், அதற்குத்தானே சிறகு என்பார்கள். மழையைத் தொடரும் நாரை அப்படித்தான் போகிறது. பல நூற்றாண்டுகளாக அது பிழைத்த வழியும் அதுதான். ஆனால் அந்த வழி, ஒரு கண்மாய் வற்றினால் பத்துக் கல் தொலைவில் இன்னொன்று நிற்கும் என்ற நம்பிக்கையில் அமைந்தது. சங்கிலி முழுவதும் ஒரே ஆண்டில் வற்றினால் எஞ்சும் சில நீர்நிலைகளில் எல்லாப் பறவையும் நெருக்கியடித்து இறங்கும். எஞ்சுவது நல்ல நீராக இருக்கும் என்றும் உறுதியில்லை. விருதுநகரின் கழிவுநீர் கௌசிகா நதி வழியே குல்லூர்சந்தை அணைக்குத்தான் போய்ச் சேர்கிறது. நெருக்கடியும் தேக்கநீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 நவம்பரில் இராஜஸ்தானின் சாம்பார் ஏரி சாட்சி. 18,000-க்கும் மேற்பட்ட வலசைப் பறவைகள் அங்கே செத்து மிதந்தன. பாக்டீரியா நஞ்சால் வரும் பொட்டுலிசம் என்ற நோய் அது. பல ஆண்டு வறட்சிக்குப்பின் வந்த பெருமழையில் ஏரி பரந்து பின்வாங்கியபோது நீரில் உயிர்வளி குறைந்து நோய்க்கு வழி பிறந்தது. செத்த பறவையில் புழுத்த புழுவைத் தின்ற பறவையும் செத்தது. சிறகு இருந்தும் அவை தப்பவில்லை.

வடக்கிலிருந்து வரும் பறவைக்குச் சிறகு இன்னும் குறைவான பாதுகாப்புதான். அதன் வாழ்வு மூன்று இடத்தில் பங்கிடப்பட்டது. பிறக்கும் இடம், வழித்தங்கல், குளிர்கால இடம் மூன்றும் ஒரே ஆண்டுக்குள் சரியாக அமைய வேண்டும். ஓரிடத்தில் பட்ட அடியை அது வேறோரிடத்தில் போய்த்தான் உணர்கிறது. சைபீரியாவின் வடகோடியான தைமீரில் குஞ்சு பொரித்து ஆப்பிரிக்காவின் மொரிட்டானியாவில் குளிர்காலம் கழிக்கும் ஓர் உள்ளான் வகையைப் பற்றி 2016-இல் வெளிவந்த ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. வடகோடியில் பனி முன்னதாக உருகுவதால் பூச்சிகள் பெருகும் காலமும் முன்னதாக முடிந்துவிடுகிறது. இரை போதாத குஞ்சுகள் சிறுத்துப்போகின்றன, அலகும் குட்டையாகிறது. ஆப்பிரிக்கக் கரையில் சேற்றுக்குள் ஆழமாகப் புதைந்த சிப்பியை அந்த அலகு எட்டாததால் பல மடிகின்றன. பனி உருகியது வடகோடியில், சாவு நடந்தது வெயில் நாட்டில். இதைத் திருப்பிப் போட்டாலும் உண்மை மாறாது. நம் கண்மாயில் வயிறாரத் தின்னாமல் பங்குனியில் கிளம்பும் நீலச்சிறகி, வழியில் சந்திக்கும் புயலையும் பனியையும் தாங்கும் கொழுப்பு இல்லாமல் கிளம்புகிறது. உலகம் முழுவதும் வெப்பம் ஏறும்போது ஒரு கண்மாயைச் சீராக்கி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. சங்கிலியின் எந்தக் கண்ணி நம் கையில் இருக்கிறதோ அதை மட்டும்தான் நாம் உறுதியாக்க முடியும். ஒரு கண்ணி உறுதியானாலும் பயணம் முழுவதும் எளிதாகும்.

மூன்றாவது மறுப்பு ஊருக்குள்ளிருந்தே வருகிறது, அதற்குத்தான் மிகுந்த மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். கண்மாய் உழவனுக்குரியது, அதைத் தூர்வார வேண்டும், சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும், பறவையைச் சொல்லி அதைத் தடுக்கக் கூடாது என்பது அந்த வாதம். தூர்வாருவதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. பறவைக்கும் அதுதான் வேண்டும். 2017-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் உத்தரவால் சீமைக் கருவேலம் அகற்றும் வேலை வேகம் பிடித்தது. அதே காலத்தில் குடிமராமத்து என்ற பழைய பெயரில் அரசுத் திட்டமும் வந்தது. பெயர் திரும்பியதுபோல முறையும் திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடியானவர் ஆண்டுதோறும் மேலாகக் கரம்பை வெட்டியபோது உள்வாயின் சரிவு அப்படியே இருந்தது. பொக்லைன் ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டினால் சரிவு போய்ச் செங்குத்துக் கிடங்கு வருகிறது. அதில் நீர் நிற்கும், நாரையால் நிற்க முடியாது. ஆடு மாடும் சறுக்கி விழும். மடைமட்டத்துக்குக் கீழே போன அந்த நீர் வயலுக்கும் பாயாது. சவடு மண் வணிகத்துக்கு வசதியான ஆழம் உழவனுக்கும் பறவைக்கும் ஒருசேர நட்டம். மரங்களிலும் அப்படித்தான். கூடு கட்டும் கண்மாயில் உள்ள சீமைக் கருவேலத்தை ஒரே ஆண்டில் மொட்டையடிக்காமல், நீர்மருது, நாட்டுக் கருவேலம் போன்றவற்றை நட்டு அவை வளர்ந்தபின் படிப்படியாக எடுக்கலாம். கூடு இல்லாத கண்மாயில் உடனே எடுக்கலாம். இதில் உழவனும் பறவையும் எதிரெதிரே நிற்கவில்லை; நிதானமான மராமத்தும் அவசர ஒப்பந்தமும்தான் எதிரெதிரே நிற்கின்றன.

காவிரி உபரிநீரைக் குண்டாறுவரை கொண்டுவரும் இணைப்புக் கால்வாய்க்கு 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முடிந்து நீர் வந்தாலும், வந்த நீரை வாங்கி வைக்கக் கண்மாய்தான் வேண்டும். தூர்ந்த கண்மாய்க்குக் காவிரியும் இரண்டு மாதத்து விருந்தாளிதான். செய்ய வேண்டிய வேலைகள் பெரும்பாலும் பழையவையே: வரத்துக்காலை மீட்பது, கலுங்கையும் கரையையும் மழைக்குமுன் பார்ப்பது, உள்வாயின் சரிவைக் கெடுக்காமல் மண் எடுப்பது, அடிநீரை மாசிவரை விட்டுவைப்பது. இவற்றோடு புதிய வேலை ஒன்றும் சேர்ந்திருக்கிறது, எண்ணுவது. 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் இளைஞர்களும் மாணவர்களும் ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். எந்தக் குளம் எந்த ஆண்டு எத்தனை பறவையைத் தாங்கியது என்ற அந்தக் கணக்கு, அடுத்த வறட்சியில் எந்தக் குளத்தை முதலில் காக்க வேண்டும் என்று சொல்லக்கூடியது. மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களுக்கும் அப்படியொரு கணக்கு வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் ஒரு கண்மாய் இருக்கும் ஊர்களில் இது செலவில்லாத பாடம்.

நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சொன்னவர்கள் மழை பெய்யும் என்ற உறுதியில் அதைச் சொல்லவில்லை. பெய்தால் ஒரு சொட்டையும் விடமாட்டோம் என்ற உறுதியில் சொன்னார்கள். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகும் இந்தச் சீமைக்கு நாரை வந்துகொண்டிருந்தது என்றால், வானம் இரங்கிய ஆண்டில் வாங்கிக்கொள்ள மடையும் கரையும் காத்திருந்ததால்தான். இனிவரும் ஐப்பசிகளில் மழை எப்படி வரும் என்பதை மல்லாங்கிணற்றால் தீர்மானிக்க முடியாது. அது வரும்போது மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகுமா, கரையை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்க முடியும். கொள்ளுக்குடிப்பட்டி தீபாவளி இரவில் தன் பங்கைச் செய்துவிட்டு அமைதியாக இருக்கிறது. கூட்டின் அடியில் பங்குனிவரை நீரை நிறுத்துவது மற்ற ஊர்களின் பங்கு.